உறைபனியில் ஒரு சொட்டுச் சத்தம்

ஒரு பறவை வாயைத் திறக்கவில்லை என்பதற்காக ஒருவர் இவ்வளவு கோபப்பட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. வீட்டுக்காரம்மா அடுக்களைக்குள் வந்ததும் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். பனி ஒட்டியிருந்த பூட்ஸைக் கழற்றி மூலைக்கு ஒன்றாக எறிந்தார். கெண்டியை அடுப்பில் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

"இன்னிக்கும் வாயே தொறக்கல, மூதேவி!" என்றார்.

அவர் திட்டியது ஒரு காட்டுச் சேவலை. பேசியது அந்தப் பள்ளத்தாக்கின் கரடுமுரடான ஜெர்மன். ஆனால் கோபத்திலும் கொஞ்சலிலும் அது என் காதில் மதுரைப் பேச்சாகத்தான் விழும். அப்படியே எழுதிவிடுகிறேன்.

அது அறுபதுகளின் பிற்பகுதி. கார்ல்ஸ்ரூஹேயில் வேதியியல் படித்து முடித்துவிட்டு, முர்க் ஆற்றின் கரையில் ஒரு காகித மில்லின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கருங்காடு என்று அவர்கள் அழைக்கும் மலைக்காட்டுக்குள் ஒரு சிற்றூர் அது. வீட்டுக்காரம்மாவின் மாடியறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் விட்டுப்போன மர அறுவை மில்லை இவரே நடத்தினார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார். நான் ஜன்னலை மூடிக்கொண்டு காதில் பஞ்சு வைத்தாலும் அந்த ரம்பம் என் கடைவாய்ப் பல்லுக்குள் ஓடும்.

அவரோடு பேசி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். நான் எதைச் சொன்னாலும் முதலில் "என்ன?" என்பார். முகத்துக்கு நேரே வந்து, என் உதட்டையே பார்த்துக்கொண்டு, "மெதுவா சொல்லு, ஃப்ராய்லைன்" என்பார். கல்யாணமாகாத பெண்ணை அப்போது அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருடம் படித்து, தேர்வெழுதி, பட்டம் வாங்கிய மொழி இந்த ஒரு மனுஷிக்குப் புரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருக்கும். தூங்கப் போகுமுன் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பழகுவேன். மறுநாளும் "என்ன?"தான்.

அந்தச் சேவலுக்கு அவர்கள் வைத்த பெயர் அவுவர்ஹான். நம்மூர் வான்கோழி அளவு இருக்கும், கறுப்பு. குளிர்காலம் முடிந்து பனி உருகத் தொடங்கும் நாட்களில், விடிவதற்கு முன், உயரமான பைன் மரத்தில் உட்கார்ந்து பெட்டைகளுக்காகப் பாடும். பாட்டை வைத்துத்தான் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். பாடாவிட்டால் அந்தக் காட்டில் அப்படி ஒரு பறவை இருப்பதே யாருக்கும் தெரியாது. கார்ல்ஸ்ரூஹேயில் இன்னும் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் நண்பரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு டர்க்கி கத்தலைன்னு உங்க ஹவுஸ் ஓனர் அப்செட். அதுக்கு எனக்கு ஒரு ஃபோன் காலா? ஆர் யூ ஆல்ரைட்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வைத்துவிட்டேன்.

அவருக்கு என்ன தெரியும்? மலைமேல் இருந்த அந்த வேட்டைக்காட்டை ஊர் நிலக்காரர்கள் சேர்ந்து பல வருடங்களுக்கு ஒரு முறை யாராவது ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவார்கள். கணவர் எடுத்த குத்தகை, அவர் போனபின் இவர் பெயருக்கு வந்திருந்தது. அந்த வசந்தத்தோடு அது முடிகிறது. கணவரோடு இவரும் கூடப் போன காலத்தில் வருடா வருடம் சேவல் பாடியது. இவர் துப்பாக்கியைத் தோளில் போட்டதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஊர் விடுதியில் நாள் தவறாமல் ஒரே மேசையில் கூடும் ஆண்களுக்கு இது போதாதா? வேட்டைக்குப் போகிறவன் எதிரே பெண் வந்தாலே அன்று ஒன்றும் கிடைக்காது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. இங்கே பெண்ணே வேட்டைக்குப் போகிறாள். ஊர் இறைச்சிக்கடைக்காரர் என் காதுபடவே சொன்னார். "விதவை கையில துப்பாக்கியக் குடுத்தா சேவல் எப்படிப் பாடும்? வேற மலைக்கு ஓடியிருக்கும்."

குத்தகைக்கு அடுத்து நிற்கும் ஆள் அந்த இறைச்சிக்கடைக்காரர்தான். வாய் அப்படிச் சொன்னாலும், சேவல் அங்கேயே இருக்கலாம் என்ற நப்பாசை அவருக்கு. நிலக்காரர்களும் மெல்ல அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது ஒரே வழி. அந்த வருடம் ஒரு சேவலைச் சுட அரசாங்கம் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. அதைச் சுட்டு, கொண்டுபோய், அந்த மேசையின் நடுவில் போட வேண்டும். அப்போதுதான் அந்த வாய்கள் மூடும், காடும் கையில் நிற்கும். ஆனால் சேவல் பாடவேண்டுமே!

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதிலும் இந்த விஷயத்தில் கேட்கவே வேண்டாம். மதுரையில் என் அத்தை ஒருவர், வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். யாரும் சொல்ல மாட்டார்கள், அவராகவே போய்விடுவார். அதைப் பார்த்துப் பார்த்து எரிந்த வயிறு என்னுடையது. கடல் தாண்டி வந்தால் இங்கேயும் அதே கதை பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு பீர் குடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நானும் வரேன்" என்றேன்.

"என்ன?"

உதடு தெரியும்படி இன்னொரு முறை சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கறி தின்னாத பெண் வேட்டைக்கு வருகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். அவர் சிரிக்கவில்லை. தன் கணவரின் கம்பளிக் கோட்டை எடுத்து வந்து என் தோளில் வைத்து அளவு பார்த்தார்.

சேவல் எப்படிப் பாடும் என்று அன்று சாயங்காலமே அடுக்களையில் செய்து காட்டினார். இரண்டு மரக்கரண்டிகளை எடுத்து மேசை அதிர அடித்தார். டக், டக் என்று மெதுவாக ஆரம்பித்து, வேகம் பிடித்து, கடைசியில் எது எந்த அடி என்று பிரிக்க முடியாமல் உருண்டது. பிறகு கன்னத்துக்குள் விரலை விட்டு, பாட்டில் தக்கை திறக்கிற மாதிரி ஒரு 'பொக்'. அது முடிந்ததும் கத்தியை எடுத்துக் கரகரவென்று தீட்டினார். எனக்குப் பல் கூசியது.

"இப்படித் தீட்டுறப்ப மட்டும் அவனுக்குக் காது கேக்காது" என்றார். "பாட்டுல அவ்வளவு மயக்கம். அந்நேரம் பக்கத்துல வெடி வெடிச்சாலும் தெரியாது. அதுக்குள்ள ரெண்டு மூணு எட்டு எடுத்து வெச்சிரணும். தீட்டி முடிச்சா, கால் எங்க இருக்கோ அங்கேயே நிக்கணும். அந்தரத்துல இருந்தா அந்தரத்துலேயே நிக்கணும். மத்த நேரமெல்லாம் எலி நடந்தாக்கூடக் கேட்டுரும் அவனுக்கு."

நான் பிரமித்துப்போனேன். ஒரு பறவையின் காது மூடித் திறக்கும் இடைவெளிக்குள் மட்டும் நடந்து நடந்து, அதன் மரத்தடிவரை போய்ச் சேர்வது! இதை முதலில் கண்டுபிடித்தவர் எத்தனை விடியல்கள் அசையாமல் நின்று கேட்டிருக்க வேண்டும்?

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். வாசல் விளக்கடியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நல்லபடியா கெடைக்கட்டும்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் தோளுக்கு மேலாகத் துப்பினார். வேட்டைக்குப் போகிறவரை வாழ்த்தவே கூடாதாம். நம்மூரில் கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்டால் விழும் அதே முறைப்பு எனக்கும் விழுந்தது.

மலைப்பாதை முடியும்வரை சின்னக் கார், அதன்பின் நடை. அந்தக் காட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் பார்த்திருக்கிறேன். விடியுமுன் அது வேறு இடமாக இருந்தது. மரங்கள் நின்ற இடத்தில் இருட்டு இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். அண்ணாந்தால் அந்தக் கெட்டி இருட்டு முடியும் இடத்தில் நட்சத்திரங்கள். காற்று இல்லை. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. மதுரையில் பிறந்தவளுக்கு அமைதி என்றால் மத்தியானம் கடை சாத்தியிருக்கும் நேரம். அப்போதும் எங்காவது ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். இத்தனை பெரிய இடம் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்க முடியும் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

சேவல் பாடவில்லை. கரண்டி அடியை எதிர்பார்த்து நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எங்கோ உருகிய பனி கிளையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மெலிதாகக் கேட்டது. கிழக்கு வெளுத்ததும் சின்னச் சின்னக் குருவிகள் கத்தத் தொடங்கின. வீட்டுக்காரம்மா துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தார். "பாத்தியா? ஊமை" என்றார். திரும்பி நடக்கும்போது ஒரு குச்சியை எடுத்துப் புதர்களை விளாசிக்கொண்டே வந்தார்.

அடுத்தடுத்த விடியல்களும் அப்படியே போயின. ஒரு நாள் தூறல். ஒரு நாள் மூடுபனி, என் கையே எனக்குத் தெரியவில்லை. சோதனைக்கூடத்தில் நான் நின்றபடியே தூங்கி வழிந்தேன். வெறும் அமைதியிடம் போய்ச் சண்டை போடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. மழை என்றால் திட்டலாம், குளிர் என்றால் போர்த்திக்கொள்ளலாம். பாடாத பறவையை என்ன செய்வது? மரத்தைப் பிடித்து உலுக்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரம்மாவின் கோபமும் மெல்ல வடிந்துகொண்டே வந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் காருக்குள் ஏறி உட்கார்ந்தவர் சாவியைத் திருகாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "ஒருவேளை அவங்க சொல்றது நெசந்தானோ?" என்றார். "என் வீட்டுக்காரரோடயே அவனும் போயிட்டானோ?"

கதவுக்குப் பின்னால் போய் நிற்பதற்கு முந்தைய முகம் அது. எனக்குத் தெரியும்.

குத்தகைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் கடைசியாக ஒரு முறை போனோம். இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்து, கடுங்குளிர் இறங்கியிருந்தது. காரின் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டித்தான் பாதை தெரிந்தது. காட்டுப் பாதையின் சேறு கல்லாக இறுகிக் கிடந்தது. வழக்கமான இடத்தில் அவர் முன்னால் நின்றார், நான் பின்னால் நின்றேன்.

சொட்டுச் சத்தம் கேட்டது. அதே சத்தம். டொக். கொஞ்சம் விட்டு, டொக். எனக்கு அலுப்பாக இருந்தது. கால் விரல்கள் மரத்துப்போயின. டொக், டொக்.

சட்டென்று என் சோதனைக்கூடப் புத்தி விழித்துக்கொண்டது. கண்ணாடி உறைந்திருக்கிறது. சேறு உறைந்திருக்கிறது. என் மூக்கே உறைந்திருக்கிறது. இந்தக் குளிரில் தண்ணீர் எப்படிச் சொட்டும்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சொட்டுகள் நெருங்கின. இன்னும் நெருங்கின. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உருண்டன. குழந்தை உதட்டைக் குவித்துத் திறப்பதுபோல ஒரு சின்ன 'பொக்'. அதன்பின், அடுத்த வீட்டில் யாரோ அரிவாள்மணையைத் தீட்டுகிற மாதிரி, ஒரு மெல்லிய உரசல். நின்றது. மறுபடி முதலிலிருந்து, டொக்.

இவ்வளவு பெரிய பறவைக்கு இவ்வளவு சின்னப் பாட்டா! வீட்டுக்காரம்மாவின் தோளைத் தொட்டேன். அவர் திரும்பினார். கிழக்கில் கசியத் தொடங்கிய வெளுப்பில் முகம் மங்கலாகத் தெரிந்தது. என் காதைக் காட்டி, பிறகு மரங்களைக் காட்டினேன். அவர் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். பாட்டு முழுசாக ஒரு முறை வந்து போனது. அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடி வந்து போனது. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வந்து என் மண்டையில் இடித்தது. வருடக்கணக்காக ரம்பத்தின் பக்கத்தில் நின்ற காது. "என்ன?" என்ற கேள்வி. உதட்டையே பார்க்கும் கண். மேசை அதிர அடித்த கரண்டி. அவ்வளவு பலமாக அடித்தால்தான் அது அவருக்கே கேட்டிருக்கும். சேவல் ஒரு நாளும் வாயை மூடவில்லை.

நான் அவரைப் பார்த்தபடி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த அரை இருட்டில் என் முகத்தில் எதைப் படித்தாரோ, மெல்லத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

சொல்ல வழியில்லை. அந்த மங்கலில் என் உதட்டசைவு அவருக்குத் தெரியாது. காதோடு கத்தினால் சேவல் பறந்துவிடும். அவர் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பினேன். கையுறையைக் கழற்றி, கோட்டின் காலருக்கு மேலே, அவருடைய பின்கழுத்தில் விரலால் தட்டினேன். என் விரல் பனிக்கட்டியாக இருந்திருக்கும், அவர் ஒரு முறை சிலிர்த்தார். சேவல் தட்டியபோது நானும் தட்டினேன். அது வேகம் பிடித்தபோது நானும் பிடித்தேன். 'பொக்' வந்தபோது ஒரு அழுத்து. உரசல் வந்தபோது உள்ளங்கையால் தேய்த்தேன்.

இரண்டாவது பாட்டில் அவர் கழுத்து விறைத்தது. மூன்றாவது பாட்டில், என் உள்ளங்கை தேய்க்கத் தொடங்கியதும், என் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தார். இரண்டு எட்டு. நின்றார். நானும் நின்றேன். அவருக்கு இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடியும் அவருக்குள் இருந்தது, வெளியிலிருந்து வருவதுதான் நின்றுபோயிருந்தது. தட்டல், உருட்டல், அழுத்தல், தேய்த்தல், பாய்ச்சல். காது கேளாத பறவையை நோக்கி, காது கேளாத ஒருவர், என் விரலைப் பிடித்துக்கொண்டு போனார்.

பாதி வழியில் அவன் பாட்டை நிறுத்திவிட்டான்.

என் வலது கால் அந்தரத்தில் இருந்தது. ஒரு கையால் வீட்டுக்காரம்மாவின் இடுப்பு வாரைக் குரங்குப் பிடியாகப் பிடித்திருந்தேன். தொடை நடுங்கியது. காடு மறுபடி அந்தப் பழைய அமைதிக்குப் போய்விட்டது. இத்தனை விடியலும் பாடிவிட்டு, கேட்கத் தெரிந்த அன்றைக்கா வாயை மூடுவாய்? மனதுக்குள் அவனைத் திட்டினேன். பிறகு கெஞ்சினேன். மீனாட்சித் தாயே, இந்தக் கறுப்புச் சேவலுக்கு வாயைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். அவருடைய பின்கழுத்தில் என் விரல் அசையாமல் கிடந்தது. அவர் கேள்வி கேட்கவில்லை. சிலையாக நின்றார். என் விரல் சும்மா இருந்தால் சேவலும் சும்மா இருக்கிறது என்று நம்பி நின்றார். அப்படி ஒரு நம்பிக்கையை அதற்கு முன் யாரும் என்மேல் வைத்ததில்லை. கால் முறிந்தாலும் முறியட்டும் என்று நின்றேன்.

டொக்.

அதன்பின் அவன் நிறுத்தவே இல்லை. வானம் சிவக்கத் தொடங்கியபோது நாங்கள் கடைசி மரத்தின் பின்னால் நின்றோம். பழைய பைன் மரத்தின் ஒரு வெற்றுக் கிளையில் அவன் இருந்தான்.

கழுத்தை நேராக வானத்துக்கு நீட்டி, வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தொங்கவிட்டு நின்றான். தாடியில் இருந்த இறகுகள் சிலிர்த்து நின்றன. கண்ணுக்கு மேல் குங்குமம் வைத்த மாதிரி ஒரு சிவப்பு. அவன் திரும்பியபோது மார்பில் பச்சை மினுங்கி மறைந்தது. தட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய உடம்பு முழுவதும் அதிர்ந்தது. அத்தனை பாடுபட்டும் வெளியே வந்தது ஒரு சொட்டுச் சத்தம். கோயில் தேர் கண்முன் நகர்ந்தபோதுகூட நான் இப்படிக் கண் இமைக்காமல் பார்த்ததில்லை.

வீட்டுக்காரம்மா துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்தார். உள்ளதைச் சொல்கிறேன், முட்டைகூடத் தொடாத நான் அப்போது மனதுக்குள், "சுடுங்க, சுட்டுக் கொண்டுபோய் அந்த மேசையில போடுங்க" என்றுதான் கத்தினேன். உரசல் வந்ததும் உள்ளங்கையால் தேய்த்தேன். வெடி இல்லை. அடுத்த பாட்டு. தேய்த்தேன். வெடி இல்லை. அதற்கடுத்த பாட்டில் துப்பாக்கி மெல்லக் கீழே இறங்கியது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை என் விரலோடு அழுத்திக்கொண்டார். தட்டு, நிறுத்தாதே என்பது போல.

அடுத்த உரசலின் நடுவில், மில்லில் ஆட்களைக் கூப்பிடும் அதே குரலில், வாய்விட்டுப் பேசினார். "அப்ப இத்தன வருஷமும் பாடிக்கிட்டேதான் இருந்தானா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவன் அசையவில்லை. அந்த நொடியில் அவனுக்குக் காது இல்லை. உரசி முடித்து, தலையைத் திருப்பி, ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி தட்டத் தொடங்கினான். நான் அவர் தோளை அழுத்தினேன். ஆமாம். இத்தனை வருஷமும்.

வெயில் கிளையைத் தொட்டபோது கீழே பெட்டைகள் கூப்பிட்டன. அவன் மரத்திலிருந்து தடதடவென்று இறக்கையடித்து இறங்கினான். அந்தச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டுவிட்டது. கண்ணீர் வழியும் முகத்தோடு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

காரை அடைந்ததும் என் முன்னால் வந்து நின்றார். "உன் ஜெர்மன்ல ஒரு கொறையும் இல்ல, ஃப்ராய்லைன். வந்த நாள்லேர்ந்தே இல்ல. காது மங்குதுன்னு சொல்ல வாய் வரல. ஆனா இவ்வளவு தூரம் போயிருக்கும்னு எனக்கே தெரியல." கண்ணாடி முன்னால் நான் சுழற்றிய நாக்கை நினைத்தேன். கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். அழுகைதான் வந்தது.

"ஏன் சுடல?" என்று கேட்டேன். "நாளைக்கு அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

என் உதட்டைப் பார்த்தார். "பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் ஊர் விடுதியில் கூட்டம். சுவரெல்லாம் மான் கொம்பு, கூரை வரை புகை. நிலக்காரர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானும் வீட்டுக்காரம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் தடுக்கவில்லை. இறைச்சிக்கடைக்காரர் எதிரில் இருந்தார். பீர்க் கோப்பையை வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "சரி, சொல்லும்மா. இந்த வருஷமாவது ஒனக்காக வாயத் தொறந்தானா?"

வீட்டுக்காரம்மா அவர் உதட்டைப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "தெனம் போய் நின்னேன். அந்த மலையில சேவலே இல்ல."

மேசை முழுக்கச் சிரிப்பு. ஒருவர் சேவல் மாதிரிக் கூவிக் காட்டினார். "பொம்பளைய அனுப்பினா இப்படித்தான்" என்றார் இன்னொருவர். இறைச்சிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மான் வேணும்னா எனக்கு வேற காடு இருக்கு. சேவல் இல்லாத மலைய வாங்கி நான் என்ன பண்ண? அவளே வெச்சுக்கட்டும்" என்றார். வேறு யாரும் கேட்கவில்லை. கைகள் உயர்ந்தன. காடு இன்னும் பல வருடங்களுக்கு அவருடையதாயிற்று.

நான் பாதி எழுந்துவிட்டேன். அவன் இருக்கிறான், நான் பார்த்தேன், உங்கள் எல்லோரையும்விட அழகாக இருக்கிறான் என்று நல்ல ஜெர்மனில் கத்த நாக்கு துடித்தது. மேசைக்குக் கீழே வீட்டுக்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பை நிறுத்திவிட்டு விலையைக் கூட்டுவார். அடுத்த வசந்தத்தில் அந்தப் பைன் கிளை வெறுமையாக இருக்கும். கணவர் போன நாளிலிருந்து சுமந்த பேச்சை ஒரே சொல்லில் உதறியிருக்கலாம் அவர். அதற்குப் பதிலாக, தன் கையாலேயே எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

என்னால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அன்றுவரை நான் பார்த்த மனிதர்களில் அவ்வளவு பெரியவராக யாரும் எனக்குத் தெரிந்ததில்லை.

மேசைக்கு மேலே அவர் முகம் கல்லாக இருந்தது. கீழே என் மணிக்கட்டில் ஒரு விரல் தட்டத் தொடங்கியது. மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உருண்டு, ஒரு அழுத்து. அதன்பின் அந்தக் காய்த்துப்போன உள்ளங்கை என் கையை மெல்லத் தேய்த்தது. சுற்றிலும் அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.